தூசி மேடம்

சோலார் பேனல் கழுவிய அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக ஒருவர் வருவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வீட்டு மாடியில் நின்றுகொண்டிருந்தேன். நான் பொருத்திக் கொடுத்த பேனல்கள்தான். மூன்று மாதமாக மழை இல்லாததால் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி படிந்திருந்தது. வாளியைத் தூக்கி ஊற்றப்போன நேரத்தில் பக்கத்து மாடியிலிருந்து ஒரு பெண் இரண்டு கையையும் ஆட்டினார்.

"சார், ஒரு நிமிஷம்! அந்தத் தண்ணிய கீழ உட்டுடாதீங்க."

துணி காயப்போட்டிருப்பார், தெறிக்கும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்து, "அந்தப் பக்கம் வராதும்மா" என்றேன்.

"வரணும் சார். எனக்கு வேணும் அது."

ஐந்து நிமிடத்தில் காலி பெயிண்ட் டப்பாக்கள் இரண்டோடு படியேறி வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார். கல்லூரி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு அந்த மாடியில் வேலை என்னுடையது, உத்தரவு அவருடையது. சோப்பு போடக்கூடாது. பேனலின் கீழ்விளிம்பில் டப்பாவை ஒட்டிப் பிடிக்க வேண்டும். துடைத்த துணியையும் அதிலேயே பிழிய வேண்டும். காபி நிறத் தண்ணீர் இரண்டு டப்பாவும் நிரம்பியது.

"இத வச்சிகிட்டு இன்னா மேடம் செய்வீங்க?"

"இதுல வானத்துலேருந்து உழுந்த கல்லு இருக்கான்னு பாப்பேன்."

முகத்தில் சிரிப்பே இல்லை. டப்பாவைக் கீழே இறக்கிக் கொடுக்கும்வரை நானும் அடக்கிக்கொண்டேன்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அவர் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தார். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவார். பிறந்தது தேவனாம்பட்டினம், மீன்பிடிக்கிற குடும்பம். தெருவில் அவருக்கு 'தூசி மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை என் கடைக்குப் போன் செய்தபோது என் மனைவி எடுத்து யார் என்று கேட்டாள். "தூசி மேடம் பேசறேன்னு சொல்லுங்க, அவருக்குப் புரியும்" என்றாராம்.

விண்வெளியிலிருந்து நாள் தவறாமல் பூமி முழுக்கத் தூசி விழுந்துகொண்டே இருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். காற்றுக்குள் நுழையும் வேகத்தில் சூடேறி உருகி, உருண்டு திரண்டு, மணலைவிடச் சிறிய குண்டாக இறங்கும். நுண்விண்கல் என்று அதற்குப் பெயர். பலவற்றில் இரும்பு உண்டு என்பதால் காந்தம் இழுத்துக்கொள்ளும். தண்ணீரைத் தெளிய வைத்து, அடியில் தங்கிய சேற்றைப் பழைய தோசைக்கல் ஒன்றில் போட்டு அவர் வறுப்பார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் மெதுவாக ஓட்டுவார். ஒட்டியதை வெள்ளைத்தாளில் உதிர்த்து, சலித்து, நுண்ணோக்கியில் வைப்பார்.

முதன்முறை என்னைப் பார்க்கச் சொன்னபோது கறுப்பாக, பளபளவென்று, அச்சில் வார்த்ததுபோல ஒரு குண்டு தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"கெடச்சிடுச்சு மேடம்!"

"சரி. வானத்த விடுங்க. வேற எங்கேருந்து வந்திருக்கலாம்?"

அவரோடு பழகிய ஆறு வருடத்தில் இந்தக் கேள்வியை அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. வீட்டில் கரண்ட் போனாலும், குழம்பு கரித்தாலும், பஸ் வராவிட்டாலும் அதே கேள்விதான். அன்று அவரே அடுத்ததைக் கேட்டார்.

"பேனல் ஸ்டாண்ட மாடியிலயே வச்சா வெட்டினீங்க?"

"ஆமா, கிரைண்டர்ல."

மறுநாள் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து, அதன்மேல் என்னைக் கிரைண்டர் ஓட்டச் சொன்னார். பறந்த பொறி விழுந்து போர்வை பொத்தல் பொத்தலாகிவிட்டது. அதிலிருந்து எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்தால் அதே கறுப்பு, அதே பளபளப்பு, அதே உருண்டை.

"பாத்தீங்களா? வானம் இல்ல சார். நீங்கதான்."

மாத்திரை போட்டுவைக்கிற தட்டுபோல, சின்னச் சின்ன அறைகள் உள்ள பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. விண்கல் மாதிரியே ஏமாற்றுகிற குண்டுகள் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொரு அறையின்மேலும் துண்டுச்சீட்டு ஒட்டியிருப்பார். 'வெல்டிங் பட்டறை', 'ரயில் தண்டவாளம்', 'தீபாவளி மறுநாள்', 'குடிகாடு, ஓட்டு வீடு', 'செம்மங்குப்பம், தண்ணீர் தொட்டி மேல்'. குடிகாடு மாதிரி, தொழிற்சாலைப் புகைபோக்கிகள் இருக்கும் பக்கத்து மாடிகளில் ஒரு கைப்பிடித் தூசியில் நூற்றுக்கணக்கில் குண்டு கிடைக்கும். அங்கெல்லாம் என்னை வண்டி ஓட்டச் சொல்லிப் போய்வந்தார். எதற்கு மேடம் வேண்டாத இடத்துக்குப் போகிறோம் என்று கேட்டால், "வேண்டாதது எப்படி இருக்கும்னு தெரியாம வேண்டியத எப்படிக் கண்டுபுடிப்பீங்க?" என்பார். கடைசியாக ஒரு அறையில் 'சோலார் சார் கிரைண்டர்' என்று எழுதி ஒட்டியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் அவருடைய கல்லூரி மாடியில் வேலை இருந்ததால் சிதம்பரம் போயிருந்தேன். துறையில் பெரிய கலவரம். நுண்ணோக்கியின் கண்வில்லை ஒன்றைக் காணோம். அறையைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவை நிற்க வைத்துத் துறைத்தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மேடம் உள்ளே போய், "யாரு எடுத்தாங்கன்னு அப்புறம் கேக்கலாம் சார். அது எங்கெல்லாம் இருக்கலாம்னு மொதல்ல எழுதிடுவோம்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் வரிசையாக எழுதினார். முதல் வரி: 'என் கைப்பை'. அதை எல்லோர் முன்னாலும் மேசையில் கவிழ்த்தும் காட்டினார். பேனா, பஸ் டிக்கெட், சீப்பு, பாதி தின்ற கடலை உருண்டை. ஐந்தாவது வரி துறைத்தலைவரின் மேசை இழுப்பறை. கண்வில்லை அங்கே, அவருடைய கைக்குட்டையிலேயே சுற்றி இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே வைத்துவிட்டு மறந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. "மொதல் வரியில எப்பவும் நம்ம பேரு இருக்கணும் சார். அது இல்லன்னா மத்த வரி எதுக்கும் மதிப்பில்ல" என்றார்.

இரண்டு வருடம் சேர்த்ததில் பதினொரு குண்டுகள் தேறின. எந்தச் சீட்டிலும் அடங்காதவை. அவற்றை வெளியூரில் பெரிய எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்பினார். பதில் வந்த அன்று கடைக்கே நேரில் வந்துவிட்டார், கையில் ஒரு பாக்கெட் பால்கோவாவோடு.

"ஒன்னு சார்! ஒன்னே ஒன்னு!"

"மத்த பத்து?"

"எல்லாம் நம்மூரு சரக்குதான். பெட்டியில எடம் பண்ணணும்."

அந்த ஒன்று கல்லூரி மாடியில் கிடைத்தது. நான் பேனல் மாட்டிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி.

அதற்கப்புறம்தான் பலூன் வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு தூசி இறங்கி வர முடியும் என்றால், தூசியோடு ஒட்டிக்கொண்டு ஒரு கிருமி உயிரோடு இறங்க முடியுமா என்பது மேடத்தின் அடுத்த கேள்வி. பிச்சாவரம் சதுப்புச் சேற்றிலிருந்து அவர் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்து வைத்திருந்தார். காய்ந்துபோனால் உறை போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் தூங்குமாம். விமானம் பறக்கிறதைவிட மூன்று மடங்கு உயரத்துக்கு அதைப் பலூனில் அனுப்ப வேண்டும். அங்கே காற்று கிடையாது என்றே சொல்லலாம். குளிர் எலும்பை உடைக்கும். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரைத் தடுக்க எதுவும் இல்லை. கண்ணாடிச் சில்லுகளில் கிருமியை மூன்று விதமாகக் காயவைத்தார். ஒன்று வெறுமனே வெயிலில். ஒன்றின்மேல் மெல்லிய பூச்சாகச் சேற்றுத்தூள். ஒன்று அலுமினியத் தாளுக்குள், இருட்டில். அதே மாதிரி இன்னொரு தொகுதி கீழே ஆய்வகத்தில் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க.

பெட்டி செய்கிற வேலை என்னுடையது. தெர்மாகோல் பெட்டி, உள்ளே பேட்டரி, இருக்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டே வரும் ஜிபிஎஸ், உச்சிக்குப் போனதும் மூடியைத் திறந்து இறங்கும்போது மூடிவிடுகிற சின்ன மோட்டார். ரப்பர் பட்டை வைத்துத் தண்ணீர் புகாமல் செய்தேன். வேலை நேரம் போக இரண்டு மாதம் பிடித்தது. அனுமதிக் கடிதங்களுக்கு மேடம் அலைந்தது அதைவிட ஜாஸ்தி.

பலூன் விட்டது ஒரு சனிக்கிழமை காலை, சிதம்பரத்தில் கல்லூரி மைதானத்தில். முதல்நாளே மேடம் பெட்டியைச் சுத்தம் செய்து, சில்லுகளை வைத்து, மூடிமேல் டேப் ஒட்டி, டேப்பும் பெட்டியும் சேருகிற இடத்தில் நீலப் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு மூடிக்கும், உள்மூடி வெளிமூடி என்று தனித்தனியாக. பலூன் மேலே போகும் முன்பு வெளிமூடியை மட்டும் எடுத்துவிட்டு, உள்மூடி டேப்பின் நடுவில் கீறிவிட வேண்டும். அப்போதுதான் விளிம்பில் இருக்கிற கையெழுத்து கலையாமல் மோட்டார் அதைத் திறக்கும்.

மைதானத்தில் ஹீலியம் ஏறி, பலூன் ஒரு மாடி உயரத்துக்கு நின்று ஆடிக்கொண்டிருந்தது. பத்துப்பேர் பிடித்திருந்தார்கள், மேடம் உட்பட. நான் பெட்டியின் பக்கத்தில் இருந்தேன். வெளிமூடியை எடுத்ததும் பார்த்தேன், மோட்டார் விளக்கு எரியவில்லை. உள்ளே ஒயர் கழன்றிருக்க வேண்டும். சொன்னால் மேடம் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் ஏற்றிய வாயு வீண், வாங்கிய அனுமதி வீண். உள்மூடியின் ஓரத்து டேப்பை உரித்தேன். மூடியைத் தூக்கி ஒயரைச் செருகினேன். விளக்கு எரிந்தது. திரும்ப மூடி டேப்பை அழுத்தி ஒட்டி, நடுவில் கீறிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளே கை ஊன்றும்போது வெறும் வெயிலுக்கான சில்லுகள் இருந்த தட்டின் விளிம்புக்கு அடியில் என் கட்டைவிரல் பட்டது. கையுறை என் சட்டைப்பையில் இருந்தது.

அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பலூன் அழகாகப் போயிற்று. பண்ருட்டிப் பக்கம் இறங்கும் என்று மேடம் கணக்குப் போட்டிருந்தார். மேல்காற்று திரும்பிவிட்டது. மதியத்துக்குள் செல்போன் திரையில் இருந்த புள்ளி கிழக்கே நகர்ந்து, பரங்கிப்பேட்டையைத் தாண்டி, நீலமாக இருந்த இடத்தில் போய் நின்றது. எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மேடம் மட்டும் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நம்பர் சொல்றேன், எழுதிக்கோ."

அவர் அண்ணன் தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு வைத்திருந்தார். மேடம் சொன்ன எண்களைத் தன் ஜிபிஎஸ்ஸில் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். நாங்கள் வேனில் தேவனாம்பட்டினம் போய்க் கரையில் காத்திருந்தோம். புள்ளி நீரோட்டத்தில் நகர நகர மேடம் போனில் புது எண்களைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் படகுக்கு சிக்னலும் போய்விட்டது. சாயங்காலம் படகு வந்து மணலில் ஏறியபோது, ஆரஞ்சு நிறப் பாராசூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியைக் குழந்தைபோல அணைத்தபடி அண்ணன் இறங்கினார். கரையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

மேடம் பெட்டியை வாங்கித் திருப்பினார். ஓரத்து டேப்பில் அவருடைய கையெழுத்தின் பாதி ஒரு நூல் அளவு விலகியிருந்தது. உரித்து ஒட்டினால்தான் அப்படி இருக்கும்.

"அண்ணா, இதத் தொறந்தியா?"

"இல்லியே."

"உள்ள இன்னா இருக்குன்னு பாக்கலாம்னு யாராவது..."

"இல்லன்னு சொல்றேன்ல."

"டேப்பு பிரிஞ்சிருக்குண்ணா. கோச்சுக்காத. தொறந்தியா?"

விசில் நின்றுவிட்டது. சுற்றிலும் அந்த ஊர் ஆட்கள், உறவுக்காரர்கள், அவரோடு படகில் போன இரண்டு பேர். அண்ணன் முகம் இறுகிப்போயிற்று.

"நாலு மணி நேரமா அலையில தேடி எடுத்தாந்திருக்கேன். திருடனக் கேக்குற மாரி கேக்குற. படிச்சா இப்படித்தான் கேக்கச் சொல்லுதா பாப்பா?"

பாராசூட்டை மணலில் போட்டுவிட்டு நடந்துவிட்டார். நான் மேடத்துக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். குனிந்து அந்தப் பாராசூட்டை மடிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் கல்லூரியில் ஒரே கொண்டாட்டம். வெறும் வெயிலில் வைத்த சில்லிலிருந்து எடுத்தது வளர்ந்துவிட்டது, அதுவும் மஞ்சள் நிறத்தில். பிச்சாவரம் கிருமி வெள்ளையாகத்தான் வளரும். விண்வெளிக் கதிர் பட்டு நிறம் மாறிவிட்டது என்று துறைத்தலைவர் முடிவுகட்டினார். பத்திரிகைக்காரர்களை வெள்ளிக்கிழமை வரச்சொல்லிவிட்டார். மேடம் மஞ்சள் புள்ளிகளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "இது நம்ம கிருமி இல்ல சார். மனுஷன் தோலுல இருக்கிறது" என்றார்.

"அப்ப அந்த மீன்பிடிக்கிறவங்க தொறந்து தொட்டிருப்பாங்க" என்றார் துறைத்தலைவர். அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். மேடமும் மறுக்கவில்லை. இரண்டு நாள் அவரும் அப்படித்தான் நம்பினார் என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாள் கரும்பலகையில் வரிசை எழுதியிருந்தார். முதல் வரியில் அவர் பேர். பெட்டியின் பக்கத்தில் போன ஒவ்வொருவரும் ஆய்வகத்துக்கு வந்து, கிருமி வளர்க்கிற கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் ஐந்து விரலையும் பதிக்க வேண்டும். அவர் பதித்துவிட்டார். மாணவர்கள் பதித்தார்கள். என் முறை வந்தது. அவர் தட்டை நீட்டினார். நான் விரலை வைத்தேன், வைத்தபடியே சொன்னேன்.

"மேடம், பலூன் விட்ட அன்னிக்குக் காலையில ஒயரு கழண்டிருந்துச்சு. நான்தான் தொறந்தேன். கையுறை போடல."

அவர் என் கையைப் பார்த்தார்.

"கட்டைவிரல் சரியா பதியல. இன்னொரு தடவ அழுத்துங்க."

அழுத்தினேன். தட்டை மூடி, எண் எழுதி, மற்றத் தட்டுகளோடு அடுக்கினார். பேனாவை மூடினார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"எங்கண்ணன அத்தன பேரு முன்னால ரெண்டு தடவ கேட்டேன் சார். நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன் மேடம்."

"என் மேலயும் தப்பு. அண்ணங்கிட்ட கேக்குறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்ககிட்ட கேட்டிருக்கணும். அண்ணன்தானேன்னு சுலபமா கேட்டுட்டேன்."

என் தட்டில் இரண்டு நாளில் மஞ்சள் புள்ளிகள் வந்தன. அவர் நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போனார். கூடவே நானும் போனேன்.

"ஒரு வருஷ வேலம்மா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் துறைத்தலைவர்.

"எனக்குத் தெரியுமே சார்."

"அப்ப எல்லாம் வீணா?"

"வீண் இல்ல சார். பெட்டி கடல்ல உழுந்தும் ஒரு சொட்டுத் தண்ணி பூரல. மோட்டாரு உச்சியில தொறந்து சரியா மூடியிருக்கு. எங்க தப்பு வரும்னும் தெரிஞ்சிடுச்சு. இன்னொரு தடவ அனுப்பினா பதில் கெடச்சிடும்."

கெஞ்சுகிற குரலே இல்லை. பஸ் இத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் போனார். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றேன். "கரையிலதான கேட்டேன், கரையிலதான் சொல்லணும்" என்றார். மீன் ஏலம் போடுகிற நேரம், நல்ல கூட்டம். அண்ணன் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் அவர் முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணா, நீ தொறக்கல. தொறந்தது எங்க ஆளு. விசாரிக்காம உன்னக் கேட்டுட்டேன், தப்பு" என்றார்.

நான் முன்னால் வந்து, "நான்தாங்க தொறந்தேன்" என்றேன்.

அண்ணன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"தொட்டா தொட்டேன்னு சொல்லிடணும் மச்சான். இதுல இன்னா இருக்கு?"

பிறகு தங்கையைப் பார்க்காமல், வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்தது எப்ப உடுற?"

"பர்மிஷன் வந்ததும்."

"தேதி சொல்லு. கடல்ல நிக்கிறேன்."

ஏழு மாதம் ஆயிற்று. இரண்டாவது தடவை சோலார்காரரைப் பெட்டிப் பக்கமே விடக்கூடாது என்று கல்லூரியில் சிலர் சொன்னார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். மைதானத்தின் ஓரத்தில் வேனுக்குப் பக்கத்தில் நின்றேன். மேடம் கையுறையும் டேப்பும் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"மூடி நீங்கதான் மூடணும்."

"வேற யாராவது..."

"அந்த மோட்டாரு உங்களுக்குத்தான் அடங்கும். அப்புறம், ஒரு தடவ வாயத் தொறந்து சொன்னவரு மறுதடவ அதே எடத்துல சும்மா இருக்கமாட்டாரு. வாங்க."

கையுறை போட்டுக்கொண்டேன். விளக்கைப் பார்த்தேன். மூடினேன். டேப்பில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தையும் போடச் சொன்னார். கையுறையோடு போட்டதால் என் பேரே எனக்குப் புரியவில்லை.

அந்த முறை காற்று சொன்னபடி கேட்டது. பெட்டி பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில், மரத்துக்கும் சேதமில்லாமல் தரையில் இறங்கியது. டேப்பில் இரண்டு கையெழுத்தும் ஒரு நூல்கூட விலகாமல் இருந்தன. மேடம் அண்ணனுக்குப் போன் செய்தார். விடியற்காலையிலிருந்து அவர் கடலில் படகை நிறுத்திக் காத்திருந்தார், மீன்கூடப் பிடிக்காமல்.

"நெலத்துல உழுந்துடுச்சுண்ணா!"

"நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்கு."

"சரி. அப்ப நான் வலைய போடறேன்."

மேடம் இப்போது இந்தப் பக்கம் இல்லை. பெரிய ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைத்து வேறு மாநிலம் போய் இரண்டு வருடம் ஆகிறது. மஞ்சக்குப்பத்தில் அந்த மாடியில் வேறு யாரோ துணி காயவைக்கிறார்கள். அவரை நினைக்கும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பது முடிவு தெரிந்த அந்தக் காலைதான். என்னையும் அண்ணனையும் சிதம்பரத்துக்கு வரச்சொல்லியிருந்தார். மேசையில் கண்ணாடித் தட்டுகள் மூன்று வரிசையாக இருந்தன. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். மேடம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இது வெறும் வெயில்ல வச்சது" என்று முதல் வரிசையைக் காட்டினார். ஒரு புள்ளி இல்லை. கழுவி வைத்த மாதிரி இருந்தன.

"எல்லாம் பூட்ச்சா?" என்றார் அண்ணன்.

"எல்லாம் பூட்ச்சுண்ணா." அதைச் சொல்லும்போதும் அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். இருட்டில் வைத்திருந்த வரிசை முழுக்க வெள்ளை வெள்ளையாக வளர்ந்திருந்தது. நடு வரிசையை அவர் கடைசியாகத்தான் காட்டினார். அதிலும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. குறைவுதான், எண்ணிவிடலாம். ஆனால் இருந்தன.

"இது மேல எதப் போட்டு மூடியிருந்த?"

"மூடலண்ணா. பிச்சாவரத்துச் சேறு. காயவச்சுத் தூளாக்கி மெல்லிசா தூவியிருந்தேன், அவ்வளவுதான்."

அண்ணன் குனிந்தார். கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, தட்டுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். மூச்சு படாமல் இருக்க வாயை இறுக்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். மேடம் அவர் பக்கத்தில் நின்று, அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தார். நிமிர்ந்தபோது அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

"அவ்வளவு ஒசரத்துக்கு ஒரு சிட்டிக சேத்தோட போயிட்டு, உசுரோட கர சேந்திருக்கு பாரு பாப்பா" என்றார்.